பன்னிரண்டாவது கோரிக்கை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். பிரிண்டரில் மை இல்லை. கடையில் கேட்டால் "நாளைக்கு". நேற்றும் இதே பதில்தான்.

சங்கத்துக்கு அரசிடமிருந்து கடிதம். வரி பற்றிய ஆலோசனைக் கூட்டம். 16, புதன், காலை பதினொன்று, கடற்கரைச் சாலை அரங்கம். சிறுதொழில் சங்கங்கள் நேரில் வந்து பேசலாம். எங்களுக்கு ஐந்து நிமிடம். தலைவர் கலியபெருமாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை படித்தார்.

"பதினோரு வருஷமா மனு குடுக்கறோம், மங்கை. வந்து பேசுன்னு இப்பதான் கூப்புடறாங்க."

அந்தப் பதினோரு வருட மனுக்களையும் தட்டச்சு செய்தவள் நான். தட்டாஞ்சாவடிப் பட்டறைக்காரர்களின் சங்கத்துக்கு ஓர் அறை, ஒரு கணினி, ஓர் ஊழியர். மனு அடிப்பது, டீ சொல்வது, கூட்டம் முடிந்தால் நாற்காலி அடுக்குவது எல்லாம் நானே. எல்லா மனுவுக்கும் ஒரே பதில்: "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது."

இந்த முறை பன்னிரண்டு கோரிக்கை. முக்கியமானவை:

1. ரஸ்க். ரொட்டிக்கு வரி இல்லை. அதே ரொட்டியை அறுத்து மறுபடி சுட்டால் வரி. (லூர்துநாதன், பேக்கரி. பிரெஞ்சு மரியாதையில் எங்களுக்கு அவர் 'முசே'.)
2. ஊதுபத்தி மூங்கில் குச்சி.
5. கடைசித் தேதி வந்தாலே இணையதளம் நின்றுபோவது.
7. மின்கட்டணம். இது வரி அதிகாரிகள் கையிலேயே இல்லை. சொன்னாலும் தலைவர் பட்டியலிலிருந்து எடுக்கமாட்டார்.
12. ஊன்றுகோலின் அடியில் மாட்டும் ரப்பர் புஷ். (ஏழுமலை, ரப்பர் பட்டறை.)

பன்னிரண்டாவது எப்போதும் பன்னிரண்டாவதுதான். எந்தச் சங்கக் கூட்டத்திலும் பேச்சு ஏழாவதைத் தாண்டியதில்லை.

சாயங்காலம் ஏழுமலை அண்ணன் போன். "பன்னெண்ட எடுத்துடும்மா. நான் ரப்பர் பிரஸ்ஸ விக்கப் போறேன். வெள்ளிக்கிழம வானூர்க்காரரு வந்து பாக்கறாரு."

ஏன் என்று கேட்டேன். "எதுக்கும்மா, வுடு."

எடுக்கவில்லை. எடுத்தால் தலைப்பில் எண்ணிக்கை மாறும், எல்லாம் மறுபடி பிரிண்ட். மையும் இல்லை. காரணம் அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

பால் திரிந்துவிட்டது. டீ இல்லாமல் வேலைக்கு.

மதியம் ஏழுமலை அண்ணன் பட்டறைக்குப் போனேன். சங்க அறையிலிருந்து நடந்தால் ஆறு நிமிடம். பதினோரு வருடத்தில் இன்றுதான் முதல் முறை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தகரக் கூரை. உள்ளே ரப்பர் வாசனை, தொண்டை வரை. நடுவில் ஒரு பிரஸ், ஆள் உயரம். ஏழுமலை அண்ணன் இரும்பு அச்சின் குழிகளில் ரப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தார். கோழிக்குத் தீனி வைப்பதுபோல விரல் வேகம். அச்சை மூடினார், பிரஸ் இறங்கியது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் திறந்தார். புகை. கரும்பலகை மாதிரி ஒரு தகடு. அதைத் திருப்பினார். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள், எல்லாம் ஒரே அளவு.

எனக்கு வாய் திறந்தே இருந்திருக்க வேண்டும். பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் அஞ்சலாட்சி என்பவள் சிரித்தாள். "இதுக்கே இப்படிப் பாக்கறீங்களேக்கா."

ஆறு பெண்கள். எல்லோரும் கத்தரிக்கோலோடு பாயில். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டி, உள்ளே விரலை விட்டுச் சுற்றிப் பார்த்து, கூடையில் போடுகிறார்கள். அஞ்சலாட்சி பார்க்காமலே வெட்டுகிறாள். விரலுக்கே கண் இருக்கிறது.

ஏழுமலை அண்ணன் ஒன்றை எடுத்து ஓர் ஊன்றுகோலில் மாட்டினார். மூலையில் டைல்ஸ் பதித்த பலகை ஒன்று சாய்த்து வைத்திருந்தார். அதில் தண்ணீர் ஊற்றினார், மேலே சோப்புத் தண்ணீர். கோலை ஊன்றித் தன் முழு எடையையும் அதன்மேல் போட்டார். நழுவவில்லை. கோலைச் சாய்த்தார், புஷ்ஷும் சேர்ந்து சாய்ந்தது, ஆனால் அடி தரையை விடவே இல்லை.

"ஆசுபத்திரி பாத்ரூம்ல தான்மா வுழறாங்க," என்றார்.

அப்புறம்தான் காரணத்தைச் சொன்னார். ஊன்றுகோலோடு சேர்த்து விற்றால் புஷ்ஷுக்குக் குறைந்த வரி. தேய்ந்துபோய்த் தனியாக வாங்கினால் அது "ரப்பர் சாமான்", கூடுதல் வரி. தனி புஷ்ஷுக்கும் குறைந்த வரி போட்டதை ஓர் அதிகாரி சரி என்றாராம், அடுத்து வந்தவர் தப்பு என்றாராம். எது சரி என்று யாரும் எழுதித் தரவில்லை. மருத்துவச் சாமான் கடைக்காரர்கள் வம்பு வேண்டாம் என்று தனி புஷ் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

"அப்ப தேஞ்சவங்க என்னண்ணே பண்ணுவாங்க?"

"தேஞ்சதோடயே நடப்பாங்க."

திரும்பி வரும்போது மனுவின் வாசகம் ஞாபகம் வந்தது. "மேற்படி பொருளின் வகைப்பாட்டைத் தெளிவுபடுத்துமாறு." எத்தனை முறை அடித்திருப்பேன்! அந்த வரிக்குள் இவ்வளவு புகையும் ஆறு கத்தரிக்கோலும் இருந்தது தெரியாமலே அடித்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

மை வந்தது. தப்பான மை. திருப்பி அனுப்பினேன்.

வரி அட்டவணையைக் கணினியில் திறந்தேன். தேவைப்பட்ட வரியை மட்டும் தேடி எடுத்துத்தான் பழக்கம். இன்று முதல் பக்கத்திலிருந்து. உயிருள்ள குதிரையில் தொடங்குகிறது. மீன், பால், முட்டை, பூ, காபி, உப்பு, சிமெண்ட், சோப்பு, பட்டாசு, தோல், குடை, ஊசி, கப்பல், பொம்மை. கடைசியில் ஓவியங்கள், பழங்காலப் பொருள்கள். உலகத்தில் மனிதன் செய்கிற எல்லாவற்றுக்கும் ஓர் எண். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், தலைமுடியில் செய்த சாமானுக்குக்கூட ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று.

இரண்டு மணி நேரம். சாப்பிட மறந்துவிட்டேன்.

ஊன்றுகோல் இருக்கிறது. ரப்பர் சாமான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ பக்கங்கள். ஏழுமலை அண்ணனின் புஷ் அந்த நடுவில் எங்கேயோ நிற்கிறது.

வீட்டில் அவரிடம் சொன்னேன். மருத்துவமனையில் எலக்ட்ரீசியன், ஊன்றுகோல் தினமும் பார்ப்பவர். "குதிரைக்கு வரி உண்டா?" என்று கேட்டார். அதைத்தான் கேட்டார்.

ஜூலை 12, சனி

மின்கட்டணத்தைக் கண்டித்து ஆர்ப்பாட்டம். வெயில். தலைவர் மைக் இல்லாமலே ஒன்றரை மணி நேரம் முழங்கினார். வானூர்க்காரர் நேற்று வந்து பிரஸ்ஸைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த வெள்ளி லாரி கொண்டுவருவாராம்.

ஜூலை 14, திங்கள்

தலைவருக்குக் குரல் போய்விட்டது. சுத்தமாக. காற்றுதான் வருகிறது. டாக்டர் ஐந்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றிருக்கிறார். சங்க அறையில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினார்: "நீ படி."

"நானா? முசேவைப் படிக்கச் சொல்லலாமே தலைவரே."

எழுதினார்: "அவருக்கு இன்னிக்குப் பிரெஞ்சு தேசிய தின ஆர்டர். புதன்கிழமை கல்யாண ஆர்டர். வரமாட்டார். மத்தவங்க படிச்சா எழுத்துக்கூட்டுவாங்க. நீதான் எழுதினவ."

முசே லூர்துநாதனுக்குப் போன் செய்தேன். பின்னால் அடுப்புச் சத்தம், யாரோ தட்டு தட்டுகிறார்கள். "நீ படிச்சா எனக்கு நிம்மதி மா. மொதல் கோரிக்க என்னோடது. அத நிறுத்தி, நிதானமா படி. மத்ததெல்லாம் வேகமா போ."

இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். கம்ப்யூட்டர் வகுப்பு முடித்துவிட்டு, ஒரு வருடம் எங்கும் வேலை கிடைக்காமல் இருந்தேன். அவர் பேக்கரியில் ரொட்டி வாங்க நின்றபோது, கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு பிழைகூட இல்லியே, யாரு அடிச்சது?" என்று கேட்டார். அன்றே தலைவரிடம் அழைத்துப் போனார்.

நிதானமாகப் படிப்பேன் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டையும் படித்துப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் ஆகிறது. வேகமாகப் படித்தால் ஏழு. கண்ணாடி முன்னால் படித்தால் இன்னும் மோசம்.

ஏழுமலை அண்ணனிடம் நாளைக்கு வரச் சொன்னேன். "நான் எதுக்கும்மா அங்க?" வர வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சட்ட எதுனா நல்லதா போட்டுனு வரணுமா?" என்று கேட்டார்.

நீலப் புடவை. இஸ்திரிக்குக் கொடுத்தாயிற்று.

ஜூலை 16, புதன்

வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

கடற்கரைச் சாலை. மேகம், ஆனால் மழை இல்லை. அரங்கத்தின் கூரை அவ்வளவு உயரம். என் வீட்டை அப்படியே உள்ளே வைத்து மேலே இன்னொரு வீட்டையும் வைக்கலாம். உயரமான பச்சை மரக் கதவுகள், கீழ்ப் பாதியைச் சாத்தி மேல்பாதியைத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் வழியே கடல், ஒரு கோடு. யாராவது பேச்சை நிறுத்தினால் அலைச் சத்தம் உள்ளே வந்துவிடுகிறது.

நூறு பேருக்கு மேல். ஊதுபத்திக்காரர், மீன்வலைக்காரர், மருந்து, ஹோட்டல், சோப்பு, பீங்கான். தலைமேசையில் நிதித் துறையின் மூத்த அதிகாரி ஒரு பெண்மணி. கைத்தறிப் புடவை, நரைமுடி, கையில் பென்சில். எல்லாவற்றையும் அவரே எழுதிக்கொண்டார், உதவியாளரிடம் விடவில்லை. அது என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது. யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துத்தானே பதினோரு வருடம் எழுதினேன். இவர் கேட்கிறார்.

பெரிய சங்கங்கள் அரை அரை மணி நேரம் பேசின. படம் போட்டுக் காட்டினார்கள். மதியம் ஒரு மணி ஆனது. அப்போதுதான் அவர் மைக்கைத் திருப்பினார்.

"மன்னிக்கணும், நேரம் போயிடுச்சு. இனிமே வர்ற சின்ன சங்கங்கள் ஒரே ஒரு கோரிக்கை மட்டும் சொல்லுங்க. மீதிய எழுத்துல குடுங்க, கண்டிப்பா படிப்பேன். ஆளுக்கு ரெண்டு நிமிஷம்."

எங்களுக்கு முன்னால் மூன்று சங்கம். திரும்பித் தலைவரைப் பார்த்தேன். நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். குரல் இல்லை. கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினார்.

ஒரு விரல்.

இங்கே எழுதிவிடுகிறேன். அது "முதலாவது" என்ற விரல். ரஸ்க். எனக்குத் தெரிந்தது. "ஒன்று சொல்" என்றும் அதைப் படிக்கலாம். அப்படியும் படிக்கலாம் என்று கண்டுபிடித்த அந்த நொடியில், நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அதற்கு அப்புறம் தலைவர் பக்கம் திரும்பவே இல்லை.

பெயர் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். தாளை மடித்துக்கொண்டேன்.

என்ன சொன்னேன் என்பது முழுதாக ஞாபகம் இல்லை. தேய்ந்த புஷ், வழுக்கும் பாத்ரூம், சேர்ந்து வந்தால் ஒரு வரி, தனியாக வந்தால் இன்னொரு வரி. ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தடுமாறினேன். "தமிழ்லயே சொல்லுங்க," என்றார். அட்டவணை எண் கேட்டார். இரண்டு எண்ணையும் சொன்னேன், தாளைப் பார்க்காமல். பக்கத்து அதிகாரி மடிக்கணினியில் சரிபார்த்துத் தலையாட்டினார்.

அப்புறம் கேட்டார். "நாற்காலிக் காலுக்குப் போடற ரப்பர் புஷ்ஷும் இதே மாதிரிதானே இருக்கு? ஊன்றுகோலுக்குன்னு சொல்லி வாங்கி, நாற்காலிக்குப் போட்டா? ரெண்டையும் நான் எப்படிப் பிரிக்கறது?"

எனக்குப் பதில் தெரியாது. அலைச் சத்தம் உள்ளே வந்தது.

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். ஏழுமலை அண்ணன் எழுந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். சட்டைப் பையிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்துக்கொண்டு நடுவழியே நடந்து வந்தார். காவலர் தடுக்கப் பார்த்தார். அந்த அம்மா பென்சிலைத் தூக்கி, விடச் சொன்னார்.

முன்வரிசையில் காலியாகக் கிடந்த ஓர் இரும்பு நாற்காலியைக் கவிழ்த்தார். காலுக்கு ஒரு புஷ்ஷாக நாலையும் மாட்டினார். பையில் எத்தனை கொண்டுவந்தாரோ. நிமிர்த்தினார். நாற்காலி தானாகவே ஆடியது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் மொத்த அரங்கமும்.

"உக்காந்து பாருங்கம்மா," என்றார்.

அந்த மூத்த அதிகாரி மேசையைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தார். உட்கார்ந்தார். நாற்காலி அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஐயையோ," என்றார், சின்னப் பெண் மாதிரி.

ஏழுமலை அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார்:

"குச்சி சாயணும். நாற்காலி சாயக் கூடாது. அவ்ளோதாம்மா வித்தியாசம்."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி மெதுவாக எழுந்து மேசைக்குப் போனார். பென்சிலை எடுத்தார். எழுதினார். "இன்னொரு தடவ சொல்லுங்க." அண்ணன் மறுபடி சொன்னார். ஒரு சொல் மாறவில்லை.

எட்டாவது வரை படித்த மனிதர். அவ்வளவு பெரிய அட்டவணையில் இல்லாத வாசகம் அது. ஒரு நிமிடத்தில், நின்ற இடத்தில்.

வெளியே வந்து சாலை ஓரக் கல்லில் உட்கார்ந்தோம். ஏழுமலை அண்ணன் வெள்ளைச் சட்டையின் காலரைத் தளர்த்திக்கொண்டார். "தப்பா எதுனா பேசிட்டேனாம்மா?"

தலைவர் தூரத்தில் நின்றார். கிட்டே வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

எழுதிக் கொடுத்த மனு பெறப்பட்டது. முத்திரை உண்டு. பன்னிரண்டும் அதில் உண்டு. இதைப் பத்துப் பேரிடம் போனில் சொல்லியாகிவிட்டது. யாருக்கும் அது போதவில்லை. ஊதுபத்திக்காரர்: "உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" நியாயமான கேள்வி.

பேக்கரிக்குப் போனேன். முசே கல்லாவில். வாங்க வந்தவள் மாதிரி நின்றேன். ஒரு நீள ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மெர்சி, மதாம்."

பதினோரு வருடமாக "மா" என்று கூப்பிட்டவர், கடைக்கு வரும் அந்நியருக்குச் சொல்கிற பிரெஞ்சு நன்றியைச் சொன்னார். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்க ரொம்ப நேரம் ஆனது.

ஜூலை 18, வெள்ளி

வானூர்க்காரர் லாரியோடு வந்தார். ஏழுமலை அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். அஞ்சலாட்சி போனில் சொன்னாள். "ஒரு மாசம் பாக்கறேன்னு சொல்ட்டாருக்கா. அந்த ஆளு கத்திட்டுப் போறான்."

சந்தோஷப்பட வேண்டியது. பயமாக இருக்கிறது. ஒரு மாதத்தில் ஒன்றும் நடக்காவிட்டால்?

ஜூலை 21, திங்கள்

சங்கக் கூட்டம். தலைவருக்குக் குரல் பாதி வந்திருக்கிறது. கரகரப்பு. என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவு சரியாகச் சாத்தாது, எல்லாம் கேட்டது.

"சம்பளத்துக்கு வேல பாக்கறவங்க சங்கத்து முடிவ எப்படி மாத்தலாம்?"

"முசேவோடதுதான் மொதல் கோரிக்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

முசேவின் குரல் கேட்கவே இல்லை. வந்திருந்தார், பேசவில்லை.

அப்புறம் தலைவர். ஒவ்வொரு சொல்லாக, கஷ்டப்பட்டு. "அவங்க ஒண்ணு சொல்லுன்னாங்க. நான் வெரலக் காட்டுனேன். ஒண்ணு சொல்லுன்னு. எதுன்னு நான் சொல்லல. அவ மேல தப்பு இல்ல. தப்புன்னா எம்மேல."

உண்மையில் அப்படித்தான் காட்டினாரா? அல்லது எனக்காகவா? கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு நாற்காலி அடுக்கிக்கொண்டே அவரைப் பார்த்தேன். மிளகுப்பாலை ஊதி ஊதிக் குடித்தார். கேட்டாலும் சொல்லமாட்டார். முன்கோபி, மைக் பிரியர், எல்லாக் கூட்டத்திலும் மின்கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர். இந்த மனிதருக்குள் இவ்வளவு பெரிய இடம் இருந்ததை இத்தனை நாள் கூட உட்கார்ந்திருந்தும் நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மழை. கருவடிக்குப்பத்தில் தெருவெல்லாம் தண்ணீர். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும். அரசிடமிருந்து பதில் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் முதல் வேலை மின்னஞ்சல் பார்ப்பது. ஏழுமலை அண்ணன் கேட்பதில்லை. சங்க வாசல் வழியாகப் போகும்போது ஸ்கூட்டரை மெதுவாக்குகிறார், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 20, புதன்

மாதம் முடிந்துவிட்டது. வானூர்க்காரர் மறுபடி போன் செய்தாராம். அண்ணன் எடுக்கவில்லையாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வந்துவிட்டது.

காலை பத்தேகால். அரசின் மின்னஞ்சல்: எங்கள் கோரிக்கைகளை டெல்லிக்கு அனுப்பியதற்கு வந்த பதில், இணைப்பு ஒன்று. டெல்லியிலிருந்து விளக்கச் சுற்றறிக்கை. பல பொருள்கள், ஒன்றொன்றுக்கும் ஒரு பத்தி. ஆறாவது பத்தி. மூன்று முறை படித்தேன். அப்புறம் சத்தமாகப் படித்தேன், அறையில் யாரும் இல்லாமல்.

தனியாக விற்கப்படும் ஊன்றுகோல் புஷ்ஷுக்கும் ஊன்றுகோலின் வரியே. நாற்காலி, மேசை கால்களுக்கானது இதில் சேராது. எப்படிப் பிரிப்பது என்றும் இருக்கிறது: ஊன்றும்போது கோலோடு சாய்ந்துகொடுக்கும்படி செய்யப்பட்டது எதுவோ அது. கனமான ஆங்கிலம். ஆனால் உள்ளே அவர்தான். குச்சி சாயணும், நாற்காலி சாயக் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே ஒருவர் கையால் தெரிந்துகொண்டது, இப்போது காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எல்லா வரி அலுவலகத்துக்கும் சட்டம். அவர் பெயர் எங்கும் இல்லை. இந்த ஊர்ப் பெயரும் இல்லை. எந்தச் சட்டத்தைப் படித்தாலும் இனி எனக்கு இது தோன்றும்: இந்த வரியை முதலில் யார் சொல்லியிருப்பார், எந்தப் பட்டறையில் நின்று?

தாளை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். செருப்பு அறுந்தது. பிரஸ் மூடியிருந்தது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, வந்துடுச்சு."

கையைக் காட்டி நிறுத்தினார். நேரம் முடியும்வரை காத்திருந்தார். பிரஸ்ஸைத் திறந்தார், தகட்டை எடுத்துப் பலகையில் போட்டார், கையைத் துடைத்தார். அப்புறம்தான் தாளை வாங்கினார். ஆங்கிலம் படிக்க வராது. நான் தமிழில் சொன்னேன். முடித்ததும் கேட்டார், "இது நம்மளுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"நாடு முழுக்க, எல்லாருக்கும்."

"யாரு புஷ் போட்டாலுமா?"

"யாரு போட்டாலும்."

உட்கார்ந்துவிட்டார். அஞ்சலாட்சிதான் அழுதாள். ஏன் அழுகிறாள் என்று மற்றவர்கள் கேட்க, "கண்ணுல பொகைடி," என்றாள்.

எங்களுடையது பத்தி ஆறு மட்டும்தான். ரஸ்க் இல்லை. முழுதும் தேடினேன். ஊதுபத்தியும் இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

காலை ஆறு மணிக்குப் பேக்கரிக்கு. ரொட்டி வாங்கும் கூட்டம் குறையும்வரை நின்றேன். அப்புறம் உள்ளே போனேன், கேட்காமலே.

"முசே, ஒண்ணு சொல்லணும். அன்னிக்குத் தலைவரு காட்டுனது உங்களோடதத்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மாத்துனேன்."

மாவு படிந்த கையோடு நின்றார். அடுப்பிலிருந்து சூடு முகத்தில் அடித்தது.

"கலியபெருமாள் வேற மாதிரி சொன்னாரே."

"எனக்காகச் சொல்லிருப்பாரு."

அடுப்பைத் திறந்து ஒரு தட்டை வெளியே இழுத்தார். அடுத்த தட்டு. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "அந்த ஏழுமல ஒரு நிமிசத்துல சொன்னாராமே. ஊரே சொல்லுது. எனக்கு அப்படி ஒண்ணு சொல்ல வரல, மா. முப்பது வருஷமா சுடறேன். ரொட்டியும் ரஸ்க்கும் ஒண்ணுதான்னு எனக்குத் தெரியும். ஏன்னு கேட்டா வாய் அடைக்குது."

மா என்றார்.

நோட்டைத் திறந்தேன். "நீங்க பேசுங்க. நான் எழுதறேன்."

பேசினார். மாவு ஒன்று, ஈஸ்ட் ஒன்று, அடுப்பு ஒன்று. முதல் நாள் ரொட்டி, மறுநாள் அறுத்து அடுக்கிச் சுடுவது. காய்ச்சல்காரருக்கு, பல் முளைக்கும் பிள்ளைக்கு, கப்பலுக்குப் போகிறவனுக்கு. இரண்டு பக்கம் எழுதினேன். நடுவில் நிறுத்தி, தட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். விரல் சுட்டது.

"தின்னு பாத்து நீ சொல்லு. இது ரொட்டியா, இல்லியா?"

பதினோரு வருடமாக "ரஸ்க்கும் ரொட்டியே" என்று அடித்தவள் நான். கடித்தேன். காதுக்குள் நொறுங்கியது. மென்றேன். அந்த மூத்த அதிகாரி பென்சிலோடு எதிரில் இருப்பதுபோல யோசித்தேன். 'ரஸ்க் என்றால்' என்று நோட்டில் எழுதி, அடுத்த சொல்லைத் தேடினேன்.

"இன்னொண்ணு குடுங்க முசே," என்றேன்.